ராஜபாளையத்தில் பொடி, மன்னார்குடியில் கணக்கு

பொடி, வற்றல், தையல், சேலை வியாபாரம் என்று வீட்டிலிருந்தபடியே ஏதாவது தொழில் செய்யும் சகோதரிகளுக்கு ஒன்று தெரியும். செய்கிற வேலையை விட, ஃபோனுக்குப் பதில் சொல்கிற வேலைதான் ஆளைக் கொல்லும். 'காரம் தூக்கலா இருக்குமா?', 'பூண்டு போட்டிருக்கா?', 'போன தடவை அனுப்பினது இன்னும் வரலையே!', 'ஜிபே பண்ணிட்டேன், பாத்தீங்களா?'... காலையில் கண் விழித்ததும் ஆரம்பிப்பது ராத்திரி பதினொன்றானாலும் ஓயாது. அரைக்க ஆள் வைக்கலாம், பாக்கெட் போட ஆள் வைக்கலாம். இதற்கு யாரை வைப்பது?

நான் ஆள் வைத்திருக்கிறேன். ராஜபாளையத்தில் என் வீடு. ஆள் இருப்பது மன்னார்குடியில். வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷமாகிறது, இன்றுவரை நேரில் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. இதை அக்கம்பக்கத்தில் சொன்னால் சிரிக்கிறார்கள். பல சகோதரிகளுக்குப் பயன்படுமே என்றுதான் இதை விவரமாகவே எழுதுகிறேன்.

இந்த மாதிரி ஆளுக்கு 'வெர்ச்சுவல் அசிஸ்டென்ட்' என்று பெயராம். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். வேறு ஊரில், தன் வீட்டில் உட்கார்ந்து, ஃபோனிலும் கம்ப்யூட்டரிலும் நம் தொழிலுக்கு வேலை பார்த்துக் கொடுக்கிற ஆள், அவ்வளவுதான். அமெரிக்காக்காரர்கள் நம் நாட்டிலும் பிலிப்பைன்ஸிலும் இருப்பவர்களை இப்படி வைத்து ரொம்ப வருஷமாக வேலை வாங்குகிறார்கள். அவர்கள் கடல் தாண்டி ஆள் வைக்கும்போது, நாம் நாலைந்து மாவட்டம் தாண்டி வைக்கக் கூடாதா என்ன!

நான் பன்னிரண்டாவது வரை படித்தவள். கணவர் நூல் மில்லில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். ஒரு மகள், ஒரு மகன். மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். இட்லிப் பொடி, பருப்புப் பொடி, சாம்பார் பொடி, கறிவேப்பிலைப் பொடி, மோர் மிளகாய், சுண்டைக்காய் வற்றல், வெங்காய வடகம் என்று ஏழு சரக்கு போடுகிறேன். தமிழ்நாட்டுக்குள் மட்டும்தான் அனுப்புகிறேன். வெளிமாநிலத்துக்கு இந்த மாதிரிச் சரக்கு விற்பதென்றால், விற்பனை எவ்வளவு கொஞ்சமாக இருந்தாலும் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும் என்கிறார்கள். பெங்களூரிலிருந்து கேட்பவர்களிடம் மனசில்லாமல்தான் 'இப்போதைக்கு இல்லைங்க' என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

மாதம் தொண்ணூறு ஆர்டர் வரை தனியாகவே சமாளித்தேன். அதற்கு மேல் கேட்டு வந்தவர்களுக்குப் பதில் சொல்ல நேரம் இல்லை, பதில் வராவிட்டால் அவர்கள் வேறு இடம் பார்த்துப் போய்விடுகிறார்கள். என் நாத்தனார் மூலமாகத்தான் மன்னார்குடிப் பெண்ணைப் பற்றித் தெரிந்தது. பி.காம். படித்தவள். கைக்குழந்தை இருப்பதால் வெளியே வேலைக்குப் போக முடியாது, வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது. 'ஒரு வாரம் பார்ப்போம், அந்த ஒரு வாரத்துக்கும் சம்பளம் உண்டு, உனக்குப் பிடிக்கலேன்னாலும் சொல்லிடு' என்று பேசி ஆரம்பித்தோம். சம்பளம் இல்லாமல் 'சும்மா செஞ்சு காட்டு' என்று கேட்பது எனக்குப் பிடிக்காது.

மாமியாருக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. 'ஏம்மா, முகம் தெரியாத பிள்ளைகிட்ட கடைக் கணக்கைத் தூக்கிக் குடுக்கியே, நாளைக்கு எதுவும் ஆனா யாரைப் போய்ப் பிடிப்ப?' என்றார். அத்தை கேட்டது நியாயமான கேள்விதான். அதனால்தான் எதைக் கொடுப்பது, எதைக் கொடுக்கவே கூடாது என்று முதல் நாளே பிரித்துவிட்டோம்.

கொடுக்கக் கூடாதது பணம். வாடிக்கையாளர் பணம் போடுவது என் பேங்க் கணக்கில். பேங்க் மெசேஜ் வருவது என்னிடமே இருக்கும் ஃபோனில். ஓ.டி.பி., பின் நம்பர், பாஸ்வேர்டு எதுவும் அவளுக்குத் தெரியாது, அவளும் ஒருநாள் கூடக் கேட்டதில்லை. தொழிலுக்கென்று தனி சிம் வாங்கி அதில் வாட்ஸ்அப் பிஸினஸ் போட்டிருக்கிறேன். அது இலவசம். அதில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்று ஒரு வசதி இருக்கிறது. மெயின் ஃபோன் நம்மிடம் இருக்க, இன்னும் நாலு கம்ப்யூட்டரிலோ ஃபோனிலோ அதே நம்பரைத் திறந்து கொள்ளலாம். அப்படி அவள் கம்ப்யூட்டரில் திறந்து கொடுத்திருக்கிறேன். அவள் யாருக்கு என்ன எழுதினாலும் என் ஃபோனிலும் தெரியும். வேண்டாம் என்று நினைத்தால் இங்கிருந்தே ஒரு தட்டு தட்டி மூடிவிடலாம். (மெயின் ஃபோனைப் பதினாலு நாள் தொடாமல் வைத்திருந்தால் மற்றதெல்லாம் தானாகவே மூடிக்கொள்ளும். ஊருக்குப் போகிறவர்கள் ஞாபகம் வைத்துக் கொள்ளவும்!) இதையெல்லாம் அத்தைக்குத் திறந்து காட்டிய பிறகுதான் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

ஆனால் சகோதரிகளே, பூட்டு போடுவது சுலபமான பாதி. கஷ்டமான பாதி வேறு இருக்கிறது. நம் தொழிலில் பாதி நம் தலைக்குள்தான் இருக்கும். கறிவேப்பிலைப் பொடி மழைக்காலத்தில் இரண்டு நாள் தாமதமாகும் என்று எனக்குத் தெரியும். கோயம்புத்தூர் டீச்சரம்மாவுக்குக் காரம் குறைத்துத்தான் போட வேண்டும் என்று எனக்குத் தெரியும். மன்னார்குடியில் இருப்பவளுக்கு எப்படித் தெரியும்? அதை இறக்கி வைக்காமல் ஆள் மட்டும் வைத்தால், அவள் நூறு தடவை நம்மைக் கேட்பாள், நாம் நூறு தடவை பதில் சொல்வோம், 'இதுக்கு நானே பாத்துக்கலாம்' என்று பத்தாம் நாள் நிறுத்திவிடுவோம். ஆள் வைத்துச் சரிவரவில்லை என்று சொல்கிற பலருக்கு இதுதான் நடந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

எனக்கு உட்கார்ந்து எழுத நேரம் கிடையாது. மிளகாய் வறுக்கும்போதும் பாக்கெட் ஒட்டும்போதும் வாய் சும்மாதானே இருக்கிறது! எனவே வாயால் பேசி வாய்ஸ் மெசேஜாக அனுப்பினேன். ஒரு கேள்விக்கு ஒரு மெசேஜ். 'பொடி எத்தனை நாள் தாங்கும்னு கேட்டா இப்படிச் சொல்லணும். ஈரக் கரண்டி போடக் கூடாதுன்னும் கூடவே சொல்லணும்.' அவள் அதைக் கேட்டு, கூகுள் டாக்ஸில் தமிழில் எழுதி, எனக்குப் படித்துக் காட்டினாள். ஒரு மாதத்தில் முப்பத்துநாலு கேள்விகள் சேர்ந்தன. அதற்குக் 'கடை நோட்டு' என்று பெயர் வைத்தோம். அதில் அடிக்கடி வருகிற பதில்களை வாட்ஸ்அப்பிலேயே 'விரைவு பதில்' என்று போட்டு வைத்திருக்கிறாள். ஒரு சாய்கோடும் ஒரு சின்ன வார்த்தையும் தட்டினால் முழுப் பதிலும் வந்து நிற்கும்.

அந்த நோட்டில் கடைசிப் பக்கம்தான் முக்கியம். அதில் 'அக்காவைக் கேட்காமல் சொல்லக் கூடாதவை' என்று இருக்கும். விலைக் குறைப்பு, பணம் திருப்பித் தருவது, கல்யாண ஆர்டர், உடம்பு சம்பந்தமான எந்தக் கேள்வியானாலும் சரி, அதெல்லாம் அந்தப் பக்கம்.

இது எவ்வளவு அவசியம் என்று போன வருஷம் தெரிந்தது. திருநெல்வேலியிலிருந்து ஒரு அம்மா அரைக்கிலோ பருப்புப் பொடி கேட்டிருந்தார். பணம் போடும் முன்பு, 'இதில் நிலக்கடலை இருக்கா? என் பையனுக்கு நாலு வயசு, கடலை பட்டாலே தொண்டை வீங்கும்' என்று ஒரு வரி எழுதியிருந்தார். எங்கள் பருப்புப் பொடியில் நிலக்கடலை கிடையாது. கடை நோட்டில் சாமான் பட்டியல் இருக்கிறது, அதிலும் கடலை இல்லை. பார்த்து 'இல்லைங்க' என்று எழுதியிருந்தால் யாரும் குறை சொல்ல முடியாது, விற்பனையும் ஆகியிருக்கும். ஆனால் அவள் எழுதவில்லை. எனக்குத் தனியாக மெசேஜ் போட்டாள்: 'அக்கா, இது கடைசிப் பக்கம். நானா சொல்ல மாட்டேன். நீங்களே பேசுங்க.'

நான்தான் அந்த அம்மாவுக்கு ஃபோன் செய்தேன். பருப்புப் பொடியில் கடலை இல்லை என்பது உண்மை. ஆனால் இட்லிப் பொடிக்கு ஒரு பிடி கடலை சேர்ப்போம், இரண்டையும் அரைப்பது தெருக்கோடியில் இருக்கும் அதே மாவு மில்லில். எங்களுக்கு முன்னால் யார் என்ன அரைத்தார்களோ அதுவும் மெஷினில் ஒட்டியிருக்கும். ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு அந்தத் துளியே போதும், ஆபத்தாகிவிடும். 'வாங்க வேண்டாம்மா' என்று சொன்னேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, 'இதுவரை கேட்ட இடத்துல எல்லாம் இல்லைன்னுதான் சொன்னாங்க, மில்லைப் பத்தி யாருமே சொன்னதில்ல' என்றார். மில்லுக்கே போகாத சுண்டைக்காய் வற்றல் மட்டும் கால் கிலோ வாங்கினார். இப்போதும் வாங்குகிறார்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து ஒவ்வொரு சரக்கிலும் சேருகிற சாமான்களின் டப்பாவை எடுத்துப் படித்தோம். நான் இங்கே ஒவ்வொன்றாகப் ஃபோட்டோ எடுத்து அனுப்ப, அவள் அங்கே எழுதினாள். கட்டிப் பெருங்காயம், தூள் பெருங்காயம் இரண்டிலும் மாவு கலந்திருக்கும். நாங்கள் வாங்கும் டப்பாவில் கோதுமை என்றே போட்டிருக்கிறது. கோதுமை சேராதவர்கள் கேட்டால் சொல்ல வேண்டுமே! இப்போது பாக்கெட் லேபிளில் உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண்ணுக்குக் கீழே, 'நிலக்கடலை, எள், கோதுமை அரைக்கும் மில்லில் அரைத்தது' என்று ஒரு வரி அச்சடித்திருக்கிறோம். இந்த வரி அவள் யோசனை.

தினசரி வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். அவளுக்கு நாளைக்கு மூன்று மணி நேரம். மதியம் குழந்தை தூங்கும்போது ஒன்றரை மணி, இரவு ஏழரையிலிருந்து ஒன்பது வரை. ஆர்டர், விலாசம், பின்கோடு எல்லாவற்றையும் ஒரு கூகுள் ஷீட்டில் ஏற்றுவாள். அது என் ஃபோனிலும் திறக்கும். பணம் வந்ததா என்று காலையும் மாலையும் நான் பேங்க் கணக்கைப் பார்த்து, வந்ததற்கு நேரே 'வந்தது' என்று போடுவேன். அந்த வார்த்தை இல்லாமல் ஒரு பாக்கெட்டும் கட்டுவதில்லை. விலாச லேபிளை அவள் நேராகப் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பி விடுவாள். எங்கள் வீட்டில் பிரிண்டர் கிடையாது. மகன் போய் வாங்கி வருவான். நான் கட்டி, எடை போட்டு, தபாலாபீஸில் ஸ்பீட் போஸ்ட் போட்டு, ரசீதைப் ஃபோட்டோ எடுத்து அனுப்புவேன். ரசீதில் இருக்கும் 13 எழுத்து எண்ணை ஒவ்வொருவருக்கும் அவள் அனுப்பி விடுவாள். இதனாலேயே 'என் பார்சல் எங்கே?' என்ற கேள்வி பாதிக்குப் பாதி குறைந்துவிட்டது.

'வந்தது' என்ற அந்த ஒரு வார்த்தையின் மதிப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் 1,860 ரூபாய்க்கு ஆர்டர். 'வளைகாப்புக்கு வேணும், இன்னைக்கே அனுப்புங்க, பணம் போட்டாச்சு' என்று, பணம் போன மாதிரியே ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் வந்தது. பச்சை டிக் எல்லாம் அச்சாக அப்படியே! அவள் மரியாதையாக, 'அதில் இருக்கும் 12 இலக்க யு.பி.ஐ. எண்ணை மட்டும் தட்டி அனுப்புங்க, அக்கா பாத்ததும் கட்டிடுவோம்' என்று எழுதினாள். அந்தப் பக்கம் கோபம். 'எங்களை நம்ப மாட்டீங்களா? உங்க ஓனரைப் பேசச் சொல்லு.' என் கணக்கில் பைசா வரவில்லை. மறுநாளும் வரவில்லை. எண்ணும் வரவில்லை. இன்னொரு ஆள், 'ஆயிரம் ரூபாய் தவறுதலா கூட அனுப்பிட்டேன், இந்த லிங்கைத் தொட்டுத் திருப்பி அனுப்புங்க' என்றார். பணம் நமக்கு வருவதற்குப் பின் நம்பர் போட வேண்டியதே இல்லை, போடச் சொன்னால் அது நம்மிடமிருந்து போகிற பணம். படித்தவர்களே ஏமாறுகிறார்கள், எனவே இதைத் திரும்பத் திரும்பச் சொல்வதில் தப்பில்லை.

வாடிக்கையாளரிடம் அவள் நான் மாதிரி பேசுவதில்லை. 'கடையிலிருந்து எழுதுகிறேன்' என்றுதான் ஆரம்பிப்பாள். நீயே நானாக எழுதிவிடு, யாருக்குத் தெரியப் போகிறது என்று ஒரு சிநேகிதி எனக்கு யோசனை சொன்னார். எனக்கு அதில் இஷ்டமில்லை. நம் கைப்பக்குவத்தை நம்பி வாங்குகிறவர்களிடம் ஆளையே மாற்றிச் சொல்வதா? பழைய வாடிக்கையாளர்களில் பத்துப் பேருக்கு என் குரலைக் கேட்டால்தான் திருப்தி. சனிக்கிழமை மதியம் அவர்களில் இரண்டு மூன்று பேருக்கு நானே ஃபோன் செய்து பேசிவிடுவேன். பொடியைப் பற்றிப் பேச்சு ஐந்து நிமிஷம், மருமகளைப் பற்றிப் பத்து நிமிஷம்!

இப்போது கேட்டதற்கெல்லாம் பதில் எழுதித் தரும் ஏ.ஐ.யும் ஃபோனிலேயே வந்துவிட்டது. ஆள் எதற்கு என்று என் தம்பி கேட்கிறான். அவளும் அதைப் பயன்படுத்துகிறாள். இங்கிலீஷில் கேட்பவர்களுக்கு நயமாக எழுத அது உதவுகிறதாம். ஆனால் எழுதித் தந்ததை அவள் படித்துப் பார்க்காமல் அனுப்புவதில்லை. எங்கள் மாவு மில் கதை அதற்கு எப்படித் தெரியும்?

இனிமேல் பணக் கணக்கு. எல்லோரும் கேட்பது இதுதான். மணிக்கு 80 ரூபாய், நாளைக்கு மூன்று மணி, மாதம் 26 நாள், ஆக 6,240 ரூபாய். ஞாயிறு லீவு. தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ். முன்பு மாதம் தொண்ணூறு ஆர்டர், சராசரி 420 ரூபாய் என்று 37,800 ரூபாய் விற்பனை. சாமான், மில், பாக்கெட், தபால் போக நூற்றுக்கு முப்பது நிற்கும், 11,340 ரூபாய். இப்போது நூற்றைம்பது ஆர்டர். விற்பனை 63,000. நிற்பது 18,900. அவள் சம்பளம் போக 12,660.

அதாவது மாதம் 1,320 ரூபாய்தான் கூடுதல். அதிலும் போனஸ் மாதத்தில் கையைக் கடிக்கும்.

இந்தக் கணக்கைப் பார்த்து என் கணவர், 'அறுபது ஆர்டர் கூடச் செஞ்சு, ஆயிரத்து முந்நூறுக்கா இந்தப் பாடு?' என்று கேட்டார். 'நாலாயிரம்னு பேசிப் பாரு, ஞாயித்துக்கிழமையும் பாக்கச் சொல்லு' என்றும் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை, மில்லில் அவரையும் அப்படித்தான் நடத்துகிறார்கள். அதையே சொன்னேன். 'ஓவர்டைம் காசு குறைச்சுப் போட்டாங்கன்னு நீங்க போன மாசம் எத்தனை நாள் சாப்பிடாம படுத்தீங்க? அந்தப் பிள்ளை வீட்டுலயும் சோறு, குழந்தை, மாமியார் எல்லாம் இருக்கு.' அதற்கு மேல் அவர் பேசவில்லை.

ரூபாயில் தெரியாத ஒரு வரவு இருக்கிறது. முன்பு ராத்திரி பதினொன்றரை வரை ஃபோனும் கையுமாக இருப்பேன். இப்போது ஒன்பது மணிக்கு மேல் கடைக்கு மெசேஜ் வந்தால், 'காலை பத்து மணிக்கு மேல் பதில் வரும்' என்று தானாகவே ஒரு பதில் போகும். இதனால் ஆட்கள் ஓடிவிடுவார்கள் என்று பலரும் பயமுறுத்தினார்கள். யாரும் ஓடவில்லை. சாம்பார் பொடிக்கு ராத்திரி பதினொரு மணிக்கு என்ன அவசரம்! அந்த இரண்டரை மணி நேரத்தில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்கிறேன். பத்தாவது படிக்கிறாள். கணக்கு எனக்குச் சொல்லித் தர வராது. ஆனாலும் அம்மா பக்கத்தில் இருந்தால் அவள் எழுந்து டி.வி. பக்கம் போவதில்லை. அந்த நேரத்துக்கு மணிக்கு எத்தனை ரூபாய் என்று யார் போடுவது?

வேலை வாங்குகிற சகோதரிகளுக்கு இன்னும் ஒன்றிரண்டு சொல்லத் தோன்றுகிறது. சம்பளத்தை ஒன்றாம் தேதியே போடுங்கள், அவர்கள் கேட்கும்படி வைக்காதீர்கள். வேலை நேரம் முடிந்த பிறகு ஞாபகம் வருவதையெல்லாம் உடனே மெசேஜாக அனுப்பினால், வீட்டில் இருக்கிற பெண் 'அக்கா அனுப்பிட்டாங்களே' என்று அடுப்பை அணைத்துவிட்டு உட்காருவாள். ஒரு தாளில் குறித்து வைத்து மறுநாள் ஒன்றாக அனுப்பலாம். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால், 'மெடிக்கல் சீட்டு காட்டு' என்று கேட்க நாம் ஒன்றும் கலெக்டர் ஆபீஸ் நடத்தவில்லை. அவள் லீவு போட்ட நாட்களில் நோட்டைத் திறந்து வைத்துக் கொண்டு நானே பார்த்திருக்கிறேன். வாடிக்கையாளர் நம்பர், விலாசம் வெளியே போகக் கூடாது என்பதையும் முதலிலேயே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். இது சொல்லாமலே தெரியும் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

போன மாதம் அவளே ஃபோன் செய்தாள். வழக்கமாக மெசேஜ்தான். 'அக்கா, எனக்கு ரெண்டாவது. தை மாசம் தேதி சொல்லியிருக்காங்க. நீங்க வேற ஆள் பாத்துக்கோங்க, நான் எல்லாம் சொல்லிக் குடுத்துட்டுப் போறேன்' என்றாள். குரலில் சந்தோஷத்தைக் காணோம். இந்த வேலை போனால் திரும்பக் கிடைக்காது என்று அவளுக்குப் பயம். எங்களைப் போன்ற சின்னத் தொழிலில் பிரசவ லீவு என்று சட்டம் வந்து சொல்லப் போவதில்லை. என் மகளின் பத்தாவது பரீட்சையும் கிட்டத்தட்ட அப்போதுதான்.

இரண்டு நாள் யோசித்தேன். மூன்று மாதம் லீவு, அந்த மூன்று மாதமும் பாதிச் சம்பளம் 3,120 ரூபாய், அதற்குப் பிறகு அதே வேலை அதே சம்பளம் என்று அவளிடம் சொன்னேன். அந்த மூன்று மாதமும் ஆர்டர் திங்கள், வியாழன் இரண்டு நாள் மட்டும் எடுப்பதென்றும், விற்பனை குறைந்தால் குறையட்டும் என்றும் வீட்டில் சொல்லிவிட்டேன். என் கணவர் மனசுக்குள் கணக்குப் போட்டது முகத்தில் தெரிந்தது. சத்தம் போடப் போகிறார் என்று நான் காத்திருந்தேன். 'அந்த ரெண்டு நாளும் விலாசத்தை யார் ஏத்துவா? உனக்கு அது சரிப்பட்டு வராது. ஷிப்ட் முடிஞ்சு வந்து நான் ஏத்துறேன்' என்றார்.

ஒரு வாரமாக ராத்திரி அரை மணி நேரம் அவளிடம் ஃபோனில் பாடம் நடக்கிறது. 'அண்ணே, பின்கோடு ஆறு இலக்கம். நீங்க அஞ்சுதான் போட்டிருக்கீங்க' என்று அவள் சொல்வது அடுப்படி வரைக்கும் கேட்கிறது.

- ஒரு வாசகி, ராஜபாளையம்.